மிஸ் மெட்ராஸிலிருந்து குந்தவை வரை: த்ரிஷாவைப் பற்றி நெல்லைக்காரர்கள் பேசலாமா?

பொருநைக்கரை | பாளையங்கோட்டை

‘சாமி’ படத்தைப் பற்றி இங்கே பேசாத ஆள் கிடையாது. 2003 மே 1 அன்று வெளியான நாளிலிருந்து நம்ம ஊர் டெபுடி கமிஷனர் ஆறுச்சாமியையும், பெருமாள் பிச்சையாக வந்த கோட்டா சீனிவாச ராவையும் விடாமல் பேசிக்கொண்டிருக்கிறோம். அதில் புவனாவாக வந்த த்ரிஷாவுக்கு மட்டும் நம் மன்றத்தில் இன்னும் ஓர் இழை (விவாதத் தொடர்) இல்லை. அவரோ இன்றைக்கும் முன்னணியில் நிற்கிறார். 2025இன் முதல் பாதியிலேயே ‘விடாமுயற்சி’, ‘குட் பேட் அக்லி’, ‘தக் லைஃப்’ என்று மூன்று பெரிய தமிழ்ப் படங்கள். மாடலிங்கிலிருந்து வந்த ஒரு நடிகை இவ்வளவு காலம் நிற்பது நம் சினிமாவில் அபூர்வம். அதனால் இந்த இழை.

தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். த்ரிஷா 1983இல் சென்னையில் பிறந்தவர். 1999 செப்டம்பர் 30 அன்று மிஸ் மெட்ராஸ் பட்டம். அதே ஆண்டு மிஸ் சேலம் பட்டமும் உண்டு. 2001 மிஸ் இந்தியா போட்டியில் அழகிய புன்னகைக்கான பட்டம். இடையில் விளம்பரங்கள், ஃபால்குனி பாடக்கின் ஓர் இசை வீடியோவில் ஆயிஷா டாகியாவின் தோழியாக ஒரு தோற்றம். 1999இல் வந்த ‘ஜோடி’யில் சிம்ரனின் தோழிகளில் ஒருவராக வந்து போவார், பெயர் கூடப் போடவில்லை. கதாநாயகியாக முதலில் ஒப்புக்கொண்டது பிரியதர்ஷனின் ‘லேசா லேசா’. அது தாமதமாக, அமீரின் முதல் படமான ‘மௌனம் பேசியதே’ 2002 டிசம்பரில் முந்திக்கொண்டு வந்தது. அப்புறம் ‘சாமி’. அடுத்த ஆண்டு தெலுங்கில் ‘வர்ஷம்’, தமிழில் ‘கில்லி’. அதற்குப் பிறகு யாரும் அவரை மாடல் என்று சொல்லவில்லை.

இதெல்லாம் எங்கும் கிடைக்கிற விவரம். நான் பேச நினைப்பது வேறு. சென்னையில் தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்த பெண் இவர். அப்படியிருந்தும் தொடக்க காலப் படங்கள் பலவற்றில் அவருக்கு டப்பிங் பேசியது சவிதா ராதாகிருஷ்ணன். ‘விண்ணைத்தாண்டி வருவாயா’ ஜெஸ்ஸிக்கும் ‘96’ ஜானுவுக்கும் சின்மயி. நாம் மனசில் வைத்திருக்கிற த்ரிஷாவின் இரண்டு பெரிய பாத்திரங்களிலும் அவருடைய குரல் இல்லை. நடுவில் ‘ஆய்த எழுத்து’, ‘மன்மதன் அம்பு’ என்று சில படங்களில் சொந்தக் குரல் வந்தது. முழு பலத்தோடு அது வந்து நின்றது ‘பொன்னியின் செல்வன்’ குந்தவையில். முதல் பாகம் வெளியானது 2022 செப்டம்பர் 30. மிஸ் மெட்ராஸ் பட்டம் வாங்கி அன்றைக்குச் சரியாக 23 ஆண்டுகள்.

அவருடைய வளர்ச்சியை எல்லோரும் முகத்தை வைத்தே அளக்கிறோம். குரலை வைத்து அளந்தால்தான் அந்தப் பெண் என்ன பாடுபட்டு எங்கே வந்து சேர்ந்திருக்கிறார் என்பது தெரியும் என்று நினைக்கிறேன். மாடலிங் ஒருத்திக்கு நிற்கக் கற்றுக்கொடுக்கும், பேசக் கற்றுக்கொடுக்காது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?


படப்பெட்டி | திருநெல்வேலி ஜங்ஷன்

நல்ல இழை தம்பி. தியேட்டர் ஆபரேட்டராக வேலை பார்த்தவன் என்கிற முறையில் நானும் கொஞ்சம் சொல்லலாம்.

படம் பெட்டியில் வந்த காலம் அது. ஆயிரம் அடி ரீல் ஒன்று ஓடி முடிய ஏறக்குறைய 11 நிமிடம் ஆகும். கேபினில் இருப்பவனுக்குத் திரையைவிட ஜனங்களின் தலைதான் நன்றாகத் தெரியும். பாட்டு வந்தால் பாதிப் பேர் எழுந்து வெளியே போவார்கள். டீ, முறுக்கு, பீடி. இரவுக் காட்சி நேரமாகிவிட்டால் சில தியேட்டர்களில் பாட்டை எடுத்துவிட்டே ஓட்டுவார்கள். ரசிகர்கள் சத்தம் போட்டுத் திரும்பப் போடச் சொல்கிற பாட்டு எது, போனால் போகட்டும் என்று விடுகிற பாட்டு எது என்று முதல் நாளே தெரிந்துவிடும். கதாநாயகிக்கு மார்க் போடுவது அங்கேதான்.

‘சாமி’யில் பாட்டுக்கு யாரும் எழுந்து போகவில்லை. ஹாரிஸ் ஜெயராஜின் இசைக்கு அதில் பாதிப் பங்கு என்பது சரி. மீதி ஆறுச்சாமியும் புவனாவும் வீட்டுக்குள் பேசிக்கொள்கிற காட்சிகளில் வந்தது. பெண்கள் பக்கத்தில் சிரிப்புச் சத்தம் கேட்கும். அரிவாளும் துப்பாக்கியுமாகப் போகிற படத்தில் குடும்பத்தோடு வந்தவர்களை உட்கார வைத்தது அந்தப் பெண்தான். ‘சாமி’யை எடுத்த டைரக்டர் ஹரி 2005 பொங்கலுக்கு ‘அய்யா’ கொண்டுவந்தார். அதில் நயன்தாராவுக்குத் தமிழில் முதல் படம். அவரும் கல்லூரியில் படிக்கும்போதே மாடலிங் செய்து, டிவியில் நிகழ்ச்சி நடத்தி, 2003இல் மலையாளத்தில் ‘மனசினக்கரே’ மூலமாக வந்தவர். யோசித்துப் பாருங்கள், இப்போது தமிழில் நீண்ட காலம் நிற்கிற இரண்டு பெண்களும் ஹரியின் தென்பாண்டிப் படங்கள் வழியாகத்தான் நம் சனங்களின் வீட்டுக்குள் வந்திருக்கிறார்கள். ஹரியும் தூத்துக்குடி மாவட்டத்துக்காரர். 1986க்கு முன்னால் அதுவும் நம்ம ஜில்லாதான்.


களக்காடு | களக்காடு

எனக்கு உடன்பாடில்லை அண்ணாச்சி.

புவனா பாத்திரத்துக்கு அந்தப் படத்தில் என்ன சோலி இருக்கிறது? காதலிக்கிறார், பாட்டுக்கு ஆடுகிறார், கல்யாணம் ஆகிறது, பயப்படுகிறார். ‘கில்லி’யில் முழுப்படமும் அவரைக் காப்பாற்றுவதுதான் கதை, அவர் கூடவே ஓடுகிறார். ‘திருப்பாச்சி’, ‘ஜி’, ‘ஆறு’ எல்லாமே கதாநாயகனின் படங்கள். அழகிப் போட்டியில் ஜெயித்த ஒரு முகத்தை எடுத்துப் பெரிய நடிகர்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள், படங்கள் ஓடின, அவரும் ஓடினார். அந்த இடத்தில் வேறு ஒருவரை நிறுத்தியிருந்தாலும் அவை ஓடியிருக்கும். அதிர்ஷ்டத்தைத் திறமை என்று எழுதாதீர்கள்.

மாடலிங்கிலிருந்து வந்து நிஜமாகவே நடித்தவர் என்றால் நான் சிம்ரனைச் சொல்வேன். தூர்தர்ஷனில் ‘சூப்பர்ஹிட் முக்காப்லா’ தொகுத்து வழங்கிக்கொண்டிருந்தவர், 1997இல் ‘ஒன்ஸ் மோர்’, ‘விஐபி’, ‘நேருக்கு நேர்’ என்று வந்தார். 2002இல் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில் மூன்று குழந்தைகளின் தாயாக நிற்கிறார். உச்சத்தில் இருக்கும்போது எந்தக் கதாநாயகி அப்படி ஒரு வேஷத்தை ஒப்புக்கொள்வார்?


அம்பை வாசகி | அம்பாசமுத்திரம்

களக்காடு சார், சிம்ரனைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அதே அளவுகோலை இவருக்கும் வையுங்கள்.

2008இல் ‘அபியும் நானும்’. அதில் வழக்கமான கதாநாயகன் கிடையாது, பிரகாஷ்ராஜின் மகளாக வருகிறார். மகளை விட்டுக்கொடுக்க முடியாமல் தவிக்கிற அப்பாவின் படம் அது. மகள் அங்கே அலட்டாமல், அமைதியாக, முடிவெடுத்துவிட்ட ஒருத்தியாக இருந்தால்தான் அப்பாவின் தவிப்பு நமக்குப் புரியும். த்ரிஷா அதைத்தான் செய்தார். என் வகுப்புப் பிள்ளைகளின் அப்பாக்கள் இரண்டு பேர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து மகளை வெளியூர்க் கல்லூரியில் சேர்ப்பதைப் பற்றி என்னிடம் பேசினார்கள். ஒரு நடிகைக்கு இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரியாது.

2016இல் ‘கொடி’. அரசியலில் மேலே ஏறுவதற்காகக் காதலனையே பலி கொடுக்கிற பெண். பதிமூன்று பதினான்கு வருஷம் நல்ல பெண்ணாகவே பார்த்துப் பழகிய முகத்தில் அந்தக் கணக்கு ஓடுவதைப் பார்க்கும்போது நிஜமாகவே பயமாக இருந்தது. அதிர்ஷ்டத்தை மட்டும் நம்புகிறவர் அந்த வேஷத்தைத் தொட மாட்டார்.

தெலுங்கில் ‘வர்ஷம்’, ‘நுவ்வொஸ்தானன்டே நேனொத்தன்டானா’, ‘ஆடவாரி மாட்டலக்கு அர்த்தாலே வேருலே’ மூன்றுக்கும் ஃபிலிம்ஃபேர் விருது வாங்கியிருக்கிறார். இரண்டாவது படம் தமிழில் ‘உனக்கும் எனக்கும்’ ஆனபோது அதே பாத்திரத்தைத் திரும்பச் செய்தவரும் அவரேதான். யாரை நிறுத்தினாலும் ஓடும் என்றால் அவரையே ஏன் தேடி வந்தார்கள்?


டவுன் தையல் | திருநெல்வேலி டவுன்

அம்பை அக்கா சொன்னதோடு என் தொழில் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் சேர்க்கிறேன். நான் ஜாக்கெட், சுடிதார் தைக்கிறவள். கல்லூரி விழாக்களுக்கு ராம்ப் வாக் உடைகளும் தைத்துக் கொடுக்கிறேன்.

நிற்கக் கற்றுக்கொடுக்கும் என்று பொருநைக்கரை அண்ணாச்சி ஒரு வரியில் எழுதிவிட்டார்கள். அந்த நிற்பது சின்ன விஷயம் இல்லை. ராம்ப்பில் நடக்கிற பெண்ணுக்கு முதலில் சொல்வது, பார்க்கிறவன் கண்ணுக்கு உடைதான் தெரிய வேண்டும், நீ தெரியக் கூடாது என்பது. தோள் இறங்காமல், முதுகு வளையாமல், பார்வை ஒரே இடத்தில். முகத்தில் சிரிப்பும் இருக்காது, வருத்தமும் இருக்காது. துணியின் மடிப்பு எங்கே விழுகிறது என்று அவள் உடம்புக்குத் தெரிந்திருக்கும். சேலையில் அது இன்னும் கஷ்டம். பின் எல்லாம் சரியாகக் குத்தியிருந்தாலும் இடுப்பைச் சாய்த்து நின்றால் முந்தானை இழுத்துக்கொள்ளும்.

இந்தப் பழக்கத்தோடு சினிமாவுக்கு வருகிற பெண், நின்று பார்க்கிற காட்சியில் ஜெயித்துவிடுவாள். அழுகிற காட்சியில் மாட்டிக்கொள்வாள். அழும்போது உடம்பு குலைய வேண்டும். மாடலிங் செய்த உடம்பு குலையவே மாட்டேன் என்னும். நிறைய மாடல்கள் இரண்டு படத்தோடு போனதற்குக் காரணம் நடிப்பு வரவில்லை என்பதைவிட, உடம்பு இளகவில்லை என்பதுதான். த்ரிஷாவின் ஆரம்பப் படங்களில் அந்த இறுக்கம் எனக்குத் தெரியும். ‘96’இல் அது சுத்தமாக இல்லை. நாற்காலியில் காலை மடக்கி உட்கார்வது, தலைமுடியை ஒதுக்குவது எல்லாம் ரொம்ப நாள் பழகின தோழி வீட்டுக்கு வந்தது போல இருக்கும்.

அந்தப் படம் வந்த தீபாவளிக்கு மஞ்சள் குர்தா கேட்டு வந்த பெண்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. படத்தை போனில் காட்டி இதே மாதிரி என்பார்கள். அதில் ஒரு வேலைப்பாடும் கிடையாது, சாதாரணக் குர்தா. அதற்கு முன்னால் ஜெஸ்ஸி சேலை. நளினி ஸ்ரீராம் அதற்கு உடை வடிவமைத்தது. பட்டு, ஜரிகை என்று பார்த்துப் பழகிய நம்ம ஊரில் கல்லூரிப் பெண்கள் மெல்லிய சாதாரணச் சேலை கேட்டு வந்தது அதற்குப் பிறகுதான். வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் கைத்தறி நெய்கிறவர்களின் சேலையை வயசானவர்கள் கட்டுவது என்று ஒதுக்கியவர்கள் அப்போது எடுத்துப் பார்த்தார்கள். விளம்பரத்தில் காசு வாங்கிக்கொண்டு உடுத்திக் காட்டுவதைவிட, ஒரு பாத்திரம் உடுத்திக் காட்டுவது அதிகம் விற்கும். இது துணி விற்கிற எல்லோருக்கும் தெரியும்.


களக்காடு | களக்காடு

தையல் அக்கா சொன்ன உடம்பு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ‘கொடி’யும் நல்ல உதாரணம். ஆனால் குரல் பற்றிய வாதம் எனக்கு இன்னும் இடிக்கிறது. ‘96’இல் ஜானு நம்மை உலுக்கினார் என்றால் அதில் சின்மயியின் பங்கு என்ன, த்ரிஷாவின் பங்கு என்ன? ஜானுவாக நடித்ததற்கு ஃபிலிம்ஃபேர் விருது வாங்கியவர் த்ரிஷா மட்டும்தானே? சொந்தக் குரல் இல்லாத நடிப்பை முழு நடிப்பு என்று எப்படி மதிப்பிடுவது?


ஒலிக்கூடம் | வள்ளியூர், இப்போது சென்னை

இந்தக் கேள்விக்கு நான்தான் வர வேண்டும். வடபழனிப் பக்கம் ஒலிப்பதிவில் உதவியாளராக இருக்கிறேன், ஊர் வள்ளியூர்.

நடிகை படப்பிடிப்பில் பேசாமல் வாயை மட்டும் அசைக்கிறார் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அவர் வசனத்தைப் பேசித்தான் நடிக்கிறார். அது பைலட் டிராக், அதாவது வழிகாட்டும் ஒலியாகப் பதிவாகும். டப்பிங் கலைஞர் அதைக் காதில் கேட்டுக்கொண்டு, திரையில் உதட்டைப் பார்த்துக்கொண்டு பேசுவார். எங்கே மூச்சு எடுத்தார், எங்கே ஒரு கணம் தயங்கினார், எங்கே வார்த்தையை விழுங்கினார் என்பதெல்லாம் நடிகை போட்டுவைத்த தடம். அந்தத் தடத்துக்குள் இவர் நடக்கிறார். நடிகை தயங்காத இடத்தில் டப்பிங் கலைஞர் தயங்க முடியாது, உதடு ஒட்டாது. அதனால் ‘96’ போன்ற படத்தில் பேச்சின் நேரக்கணக்கு முழுக்க த்ரிஷாவுடையது, ஒலி சின்மயியுடையது. இரண்டு பேரும் சேர்ந்து உண்டாக்கிய ஒரு பெண் ஜானு. விருது மேடையில் ஒருவருக்கு மட்டும் இடம் இருக்கிறது என்பது உண்மையான குறை. எங்கள் ஆட்கள் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருப்பதும் அதுதான்.

இன்னொரு விஷயம். 2010 பிப்ரவரி 26 அன்று ‘விண்ணைத்தாண்டி வருவாயா’வும் அதன் தெலுங்கு வடிவம் ‘ஏ மாய சேசாவே’வும் ஒரே நாளில் வந்தன. தமிழ் ஜெஸ்ஸி த்ரிஷா, தெலுங்கு ஜெஸ்ஸி சமந்தா. சமந்தாவும் மாடலிங்கிலிருந்து வந்தவர், அது அவருக்கு முதலில் வெளியான படம். இரண்டு ஜெஸ்ஸிக்கும் குரல் கொடுத்தது சின்மயி. ஒரே டைரக்டர், ஒரே கதை, ஒரே குரல். ஆனால் பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டு பேரும் வேறு வேறு பெண்கள். தமிழ் ஜெஸ்ஸிக்குக் கொஞ்சம் வயசு கூடுதலாகத் தெரியும், பேசுவதற்கு முன்னால் யோசிப்பார். தெலுங்கு ஜெஸ்ஸி சட்டென்று கோபப்படுவார், சட்டென்று சிரிப்பார். குரலே எல்லாம் என்றால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

இதனால் பொருநைக்கரை அண்ணாச்சி சொன்னது தப்பு என்று ஆகாது. குந்தவையில் நடந்தது வேறு ஒன்று. அதை அவர்களே எழுதட்டும்.


பொருநைக்கரை | பாளையங்கோட்டை

ஒலிக்கூடம் தம்பிக்கு நன்றி. இந்த இழையில் நான் தேடியது இந்த மாதிரி ஒரு பதிலைத்தான்.

குந்தவைக்கு வருகிறேன். ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தில் குந்தவையும் நந்தினியும் அரண்மனைக் கூடத்தில் எதிரெதிரே வருகிற காட்சியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒருவர் 1994இன் உலக அழகி ஐஸ்வர்யா ராய். அவருக்கும் முதல் படம் தமிழ்தான், 1997இல் ‘இருவர்’. எதிரே 1999இன் மிஸ் மெட்ராஸ். வானதியாக வந்த சோபிதா துலிபாலாவும் 2013இல் மிஸ் இந்தியா எர்த் பட்டம் வாங்கியவர். கல்கி எழுதிய இந்த மூன்று பெண்களையும் அழகிப் போட்டி மேடையிலிருந்து வந்தவர்களே சுமந்திருக்கிறார்கள். இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

அந்த எதிரெதிர்க் காட்சியில் நந்தினிக்கு தீபா வெங்கட்டின் குரல். குந்தவைக்கு த்ரிஷாவின் சொந்தக் குரல். தையல் அக்கா சொன்ன அந்த நிமிர்ந்து நிற்கிற பழக்கம் இரண்டு பேரிடமும் இருக்கிறது. அத்தனை நகையையும் தலை அலங்காரத்தையும் தாங்கிக்கொண்டு, கழுத்து அசையாமல், கண்ணால் மட்டுமே பேசிக்கொள்கிறார்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் அவர்களிடம் குறையாகத் தெரிந்த இறுக்கம் அங்கே அரச குடும்பத்து மிடுக்காக மாறிவிடுகிறது. ஆனால் குந்தவை வாயைத் திறந்ததும் வருகிற அந்தக் குரல், கொஞ்சம் தாழ்ந்த, அவசரமில்லாத, உத்தரவு போட்டுப் பழகிய குரல், அதை இன்னொருவர் கொடுத்திருக்க முடியாது. உதட்டசைவுக்குப் பொருந்தப் பேசியிருக்கலாம். அரசியல் தெரிந்த பெண்ணின் நிதானம் அந்தத் தொண்டையிலிருந்துதான் வந்தது. இருபது வயசில் அவரே பேசியிருந்தால் இது வந்திருக்காது. எத்தனையோ படங்களில் மற்றவர்கள் தனக்காகப் பேசியதைக் கேட்டுக் கேட்டு, தனக்கு எது பொருந்தும் என்று கண்டுகொண்ட குரல் என்றே எனக்குப் படுகிறது.

நயன்தாராவுக்கும் இப்படித்தான். 2005இல் தமிழுக்கு வந்தவர், 2015இல் ‘நானும் ரௌடிதான்’ படத்தில்தான் முதல்முறையாகத் தமிழில் சொந்தமாகப் பேசினார். அவருக்குத் தமிழ் தாய்மொழி இல்லை, அதனால் புரிந்துகொள்ள முடிகிறது. தமிழ்ப் பெண்ணுக்கே இத்தனை காலம் ஆனது என்பதுதான் என்னை உறுத்துகிறது. கதாநாயகியின் குரல் மெல்லியதாக, கொஞ்சுவதாக இருக்க வேண்டும் என்று நாமே ஒரு வழக்கம் வைத்திருந்தோம். நம் வீட்டுப் பெண்கள் யாரும் அப்படிப் பேசுவதில்லை. வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் பேசுவதைக் கேளுங்கள், மணி அடிக்கிற மாதிரி கணீரென்று இருக்கும்.


படப்பெட்டி | திருநெல்வேலி ஜங்ஷன்

அதைச் சொல்லப்போனால் தம்பி, புவனா திருநெல்வேலியில் இருந்தாலும் திருநெல்வேலித் தமிழ் பேசவில்லை. பாத்திரம் அக்ரஹாரத்துப் பெண், அதனால் அந்தப் பேச்சு. சரி. ஆனால் நம் மண்ணில் எடுக்கிற படங்களில் கதாநாயகன் நம்ம பேச்சை ஒருவிதமாகப் பேசிவிடுகிறான், வில்லன் பேசுகிறான், காமெடியன் பேசுகிறான். கதாநாயகிக்கு மட்டும் அது கிடைப்பது குறைவு. சுந்தரபாண்டியபுரத்து வயலில் நின்று சென்னைத் தமிழ் பேசுவாள். எனக்கு அது பெரிய குறை.

இன்னொன்று. ‘ஜோடி’யில் சிம்ரனுக்குப் பின்னால் பெயர் இல்லாமல் நின்ற அந்தப் பெண், 2019 பொங்கலுக்கு வந்த ‘பேட்ட’யில் அதே சிம்ரனோடு ஒரே போஸ்டரில் இருந்தார். இரண்டு பேருமே ரஜினிக்கு ஜோடி. களக்காடு தம்பி சிம்ரனைச் சொன்னதும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.


குற்றாலச் சாரல் | தென்காசி

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே வாசிப்பதோடு சரி, எழுதியது கிடையாது. பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறேன். வீடு தென்காசிப் பக்கம்.

எனக்கு மாடலிங்கில் ஆர்வம் உண்டு. கல்லூரி விழாவில் நடந்திருக்கிறேன். ஆன்லைனில் சேலை விற்கிற அக்கா ஒருவருக்காகப் படங்கள் எடுத்துக் கொடுத்திருக்கிறேன், அதற்குப் பணமும் கொடுத்தார்கள். அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. சினிமாவுக்குப் போக வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. த்ரிஷா சென்னையில் இருந்தார், போட்டிகள் பக்கத்தில் நடந்தன. எங்களைப் போன்றவர்களுக்கு எங்கிருந்து தொடங்குவது? சென்னையில் ஒரு இடத்தில் போர்ட்ஃபோலியோ (வாய்ப்பு கேட்கக் காட்டுகிற படத் தொகுப்பு) எடுக்க முன்பணம் கேட்கிறார்கள். கட்டலாமா?


டவுன் தையல் | திருநெல்வேலி டவுன்

கண்ணு, கட்டாதே.

என் அக்கா மகள் இப்படித்தான் ஒரு இடத்தில் பணம் கட்டினாள். இடத்தின் பெயர் வேண்டாம். போர்ட்ஃபோலியோ எடுத்தார்கள், மேக்கப்புக்குத் தனிக் காசு, உடைக்குத் தனிக் காசு, அப்புறம் உன் பெயரைப் பதிவு செய்ய இன்னொரு காசு. கையில் கொடுத்தது கொஞ்சம் ஃபோட்டோ. அதிலும் முகம் முழுக்க மேக்கப், அவளை அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. வேலை ஒன்றும் வரவில்லை. கேட்டால் போன் எடுப்பதில்லை. நகையை அடகு வைத்துக் கட்டின பணம் அது.

நான் தொழிலில் பார்த்த வரைக்கும் மாடலுக்கு வேலை கொடுப்பவர்தான் காசு கொடுக்க வேண்டும். மாடலிடம் காசு கேட்கிறவரின் தொழில் வேறு. முதலில் மேக்கப் இல்லாமல், பகல் வெளிச்சத்தில், சாதாரண உடையில் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முழு உருவம் ஒன்று எடுத்து வை. உண்மையாகவே ஆள் தேடுகிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். சேலைக்காரருக்கு எடுத்துக் கொடுத்தாய் அல்லவா, அந்தப் படங்களை அவரிடம் கேட்டு வாங்கிக்கொள். உன் முதல் போர்ட்ஃபோலியோ அதுதான். உன் படத்தை எங்கே எல்லாம் போடலாம், எத்தனை நாளைக்குப் போடலாம் என்று எழுதி வாங்கிக்கொள்ளவும் மறந்துவிடாதே. ஒரு நாள் வேலைக்குக் கொடுத்த சொற்பப் பணத்துக்கு உன் முகம் வருஷக்கணக்கில் கடை போர்டில் இருந்துவிடும்.

ஷூட் என்று எங்கே கூப்பிட்டாலும் தனியாகப் போகாதே. அம்மாவோ தோழியோ கூட வரக் கூடாது என்று சொல்கிற இடத்துக்குப் போகவே போகாதே.


அம்பை வாசகி | அம்பாசமுத்திரம்

படிப்பை விட்டுவிடாதே அம்மா. அப்பாவிடமும் சீக்கிரம் சொல்லிவிடு. ஊரில் யாராவது இன்ஸ்டாகிராமில் பார்த்துவிட்டு அவரிடம் சொல்வதைவிட நீயே அந்தப் படங்களைக் காட்டுவது நல்லது. சேலையைப் பற்றி, அதற்குக் கிடைத்த பணத்தைப் பற்றி முதலில் சொல். சினிமாப் பேச்சு பிறகு பார்த்துக்கொள்ளலாம்.


களக்காடு | களக்காடு

தங்கச்சி, என்னைக் கடுமையான ஆள் என்று நினைத்துவிடாதே. ஒன்று மட்டும் சொல்கிறேன். அழகிப் போட்டிகளில் ஒவ்வொரு வருஷமும் யாரோ ஒருவர் ஜெயிக்கிறார். அந்தப் பட்டங்களை வாங்கியவர்களில் எத்தனை பேர் பெயர் உனக்குத் தெரியும்? அந்தக் கணக்கு தெரிந்தே இறங்கு. த்ரிஷாவே 2010இல் இந்திக்குப் போய் ‘கட்டா மீட்டா’ செய்தார், அங்கே நிலைக்கவில்லை, திரும்பி வந்தார். அவ்வளவு பெயர் வாங்கின பிறகும் ஒரு கதவு திறக்கவில்லை. ஆனால் திரும்பி வந்து அந்த வருஷமே ‘மன்மதன் அம்பு’, அடுத்து ‘மங்காத்தா’ என்று தொடர்ந்தார். ‘சாமி’யின் இரண்டாம் பாகத்தில் ஒப்புக்கொண்டு, பிடிக்காமல் விலகியும் இருக்கிறார். வேண்டாம் என்று சொல்ல முடிகிற நிலைமை வேண்டும், அதற்கு உனக்கு இன்னொரு வருமானம் வேண்டும்.

அதிர்ஷ்டம் என்று முதலில் எழுதினேன். அதிர்ஷ்டம் ‘கில்லி’ வரைக்கும்தான் தாங்கும், அதற்கு மேல் தாங்காது என்பது வரைக்கும் வருகிறேன். 2024இல் ‘கில்லி’ திரும்ப வெளியானபோது அந்தப் படம் வந்த வருஷம் பிறக்காத பையன்கள் வந்து ஆடினார்கள். நானும் போயிருந்தேன்.


ஒலிக்கூடம் | வள்ளியூர், இப்போது சென்னை

சாரல் தங்கச்சிக்கு என் பக்கத்திலிருந்து ஒரு யோசனை. முகத்துக்குப் பயிற்சி கொடுக்கிற ஆட்கள் நிறைய. குரலை யாரும் கேட்க மாட்டார்கள், நீயாகவே தயார் செய்துகொள். இப்போது புது இயக்குநர்கள் நடிகையே பேச வேண்டும் என்கிறார்கள். படப்பிடிப்பிலேயே ஒலியைப் பிடிக்கிற படங்களும் வருகின்றன. தமிழ் பேசத் தெரிந்த பெண் என்பது இன்றைக்கு ஒரு தகுதி. த்ரிஷா தொடங்கின காலத்தில் அது யாருக்கும் தேவைப்படவில்லை.

தினமும் ஏதாவது ஒரு பக்கம் சத்தமாக வாசி. போனில் பதிவு செய்து கேள். ஃபேனை நிறுத்திவிட்டு, ஜன்னலை மூடிவிட்டு, துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதைப் பார்த்து வாசித்தால் எதிரொலி குறையும். முதல் வாரம் உன் குரலே உனக்குப் பிடிக்காது. எல்லோருக்கும் அப்படித்தான்.


குற்றாலச் சாரல் | தென்காசி

அண்ணா, அக்கா எல்லோருக்கும் நன்றி. அந்த இடத்துக்குப் பணம் கட்டப் போவதில்லை. சேலைக்கடை அக்காவிடம் படங்களைக் கேட்டிருக்கிறேன், தருவதாகச் சொன்னார்கள். அப்பாவிடம் பொங்கல் லீவில் சொல்லலாம் என்று அம்மா சொல்கிறாள்.

ஒலிக்கூடம் அண்ணா, ஒரு சந்தேகம். எங்கள் ஊர்ப் பேச்சு எனக்கு நன்றாகவே ஒட்டியிருக்கிறது. கல்லூரியிலேயே கேலி செய்வார்கள். வாசிக்கும்போது அதை மாற்றிக்கொண்டு வாசிக்க வேண்டுமா?


ஒலிக்கூடம் | வள்ளியூர், இப்போது சென்னை

இரண்டு விதமாகவும் வாசி தங்கச்சி. ஒரே பக்கத்தை ஒரு தடவை எழுத்தில் இருக்கிறபடி, ஒரு தடவை வீட்டில் பேசுகிறபடி. ஒன்றைப் பழகுவதற்காக இன்னொன்றை விட்டுவிடாதே. போன மாதம்கூட எங்கள் இடத்தில் ஒரு பாத்திரத்துக்கு நெல்லைப் பேச்சு பேசுகிற பெண் குரல் வேண்டுமென்று மூன்று நாள் தேடினார்கள், கடைசியில் மதுரைப் பெண்ணை வைத்து ஒப்பேற்றினார்கள். பதிவு செய்ததும் இந்த இழையிலேயே போடு, படப்பெட்டி அண்ணாச்சியும் கேட்கட்டும்.